மாட்டாஸ்பத்திரியில் தலைமை: மூத்த ஆய்வாளரிடம் புதிய மருத்துவர் எப்படி வேலை வாங்குவது?

கேள்வி இது. தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் மருத்துவர் கேட்கிறார்: கூட இருக்கும் கால்நடை ஆய்வாளர் 50 வயதைத் தாண்டியவர், பராமரிப்பு உதவியாளரும் மூத்தவர். ஊரார் அவர்களிடம்தான் போகிறார்கள். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்கிறார்கள், வேலை பழையபடியே நடக்கிறது. தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள என்ன வழி?

சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுவதிலும், முரண்டு பிடிக்கும் காளையை மடக்கிக் கட்டுவதிலும், எந்த வீட்டில் எத்தனை உருப்படி என்று கணக்குச் சொல்வதிலும் அந்த ஆய்வாளரை நீங்கள் இன்னும் பல வருஷத்துக்கு முந்த முடியாது. முந்தவும் வேண்டாம். அவரால் எடுக்க முடியாத முடிவுகள் சில இருக்கின்றன. எப்போது முயற்சியை நிறுத்திக் கையை எடுப்பது, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எந்த மருந்தை நிறுத்துவது, மாடு செத்தால் யார் பதில் சொல்வது. உங்கள் வேலை அது. அந்த முடிவுகளைக் கொட்டகையில் நின்று யோசிக்காமல், முன்னாலேயே யோசித்துக் கூட இருப்பவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தால் பாதித் தலைமை வந்துவிட்டது. பேச்சுத் திறமை, ஆளுமை என்று பயிற்சி வகுப்பில் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சட்டமும் பொறுப்பை உங்கள் தலையில்தான் வைத்திருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி வைத்தியம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும். மற்றவர்கள் சிறு சேவைகளைச் செய்யலாம், அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் அவர் சொற்படியும். ஆகவே "நான் சொல்லலையே, அவர்தான் போட்டார்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இதை அவரிடம் அதிகாரமாக எடுத்துப் படிக்கவும் வேண்டாம். அவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு தாள் எழுதினால் போதும்.

அந்தத் தாளில் மூன்று பத்தி. முதல் பத்தியில் அவரே செய்துகொள்ள வேண்டியவை: குடற்புழு நீக்கம், புண்ணுக்கு மருந்து கட்டுவது, சினை ஊசி, சினைப் பரிசோதனை, காதுவில்லை (மாட்டின் அடையாள எண் உள்ள வில்லை) மாட்டுவது. இரண்டாவது, செய்துவிட்டு உடனே போனில் சொல்ல வேண்டியவை: வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டுக்குக் குழாய் விட்டுக் காற்றை இறக்குவது மாதிரி, காத்திருந்தால் உயிர் போகிற வேலைகள். மூன்றாவது, உங்களைக் கேட்காமல் தொடவே கூடாதவை: நரம்பில் கால்சியம் ஏற்றுவது, ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பது அல்லது மாற்றுவது, கன்று வீசிய (கருச்சிதைவான) மாடு, திடீர்ச் சாவு, வாயில் நுரை தள்ளும் மாடு. எது எந்தப் பத்திக்குப் போகும் என்பதில் முதல் நாள் விவாதம் வரும். வரட்டும். அவர் இத்தனை நாள் தானாகச் செய்துவந்த ஏதாவது ஒன்று மூன்றாவது பத்திக்குப் போகும்போது முகம் சுளிப்பார். அதற்கு ஈடாக, இதுவரை யாரும் வாய்விட்டு அவருக்குக் கொடுக்காத இரண்டு பொறுப்புகளை முதல் பத்தியில் எழுதிக் கொடுங்கள். வெறும் பிடுங்கலாக அந்தத் தாள் இருந்தால் அடுத்த வாரமே அது மேஜை இழுப்பறைக்குள் போய்விடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பல மருந்தகங்களில் உதவியாளரை ஒருமையில் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. வயதில் மூத்தவரை "அண்ணே, வாங்க" என்று கூப்பிட்டு வேலை சொல்லுங்கள். மாட்டுக்காரர் முன்னால் அவர் தவற்றைத் திருத்தாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் "நிறுத்துங்க" என்று ஒரே வார்த்தை, விளக்கம் வண்டியில் திரும்பும்போது. நீங்கள் பெண் என்பதால் "டாக்டர் வரலையா?" என்று ஆய்வாளரைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அந்த இடத்தில் "இவங்கதான் டாக்டர், இவங்ககிட்ட சொல்லுங்க" என்று அவர் சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள், கேட்காததால்தான் சொல்லாமல் இருப்பார்கள்.

பழைய வழக்கத்தை மாற்றுவது எப்படி என்பதற்கு வலி மருந்தை எடுத்துக்கொள்வோம். டைக்ளோஃபெனாக்கை கால்நடைக்குப் பயன்படுத்த 2006லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால் வந்த தடை. கீட்டோபுரோஃபென்னுக்கும் அசிக்ளோஃபெனாக்குக்கும் 2023ல் தடை. "இங்க கழுகே கிடையாதே மேடம்" என்பார்கள். அதோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. அவற்றுக்குப் பதிலாகப் போடும் மெலாக்ஸிகாம் "கேட்க மாட்டேங்குது" என்ற புகாருக்குள் போங்கள். அதன் அளவு கிலோ எடைக்கு 0.5 மி.கி. 300 கிலோ மாட்டுக்கு 150 மி.கி. ஒரு மி.லி.யில் 5 மி.கி. உள்ள குப்பியில் அது 30 மி.லி. கைப்பழக்கத்தில் 10, 15 மி.லி. போட்டுவிட்டு மருந்தைக் குறை சொன்னால் மருந்து என்ன செய்யும்? எடை வாரியாக எத்தனை மி.லி. என்று ஒரு அட்டை எழுதி மருந்து அலமாரிக் கதவில் ஒட்டுங்கள், அலமாரியில் தடை செய்த சரக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான அளவில் போட்ட மாடு மறுநாள் தீனி எடுத்தால் அவரே மாறிவிடுவார்.

சினை ஊசியிலும் இதே முறைதான். விந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 வினாடி வைத்து உருக்க வேண்டும். அவசரத்தில் உள்ளங்கையில் தேய்ப்பதும் சட்டைப் பையில் போடுவதும் நடக்கும். "நீங்க தப்பாப் பண்றீங்க" என்றால் இத்தனை வருஷ அனுபவத்தின் மேல் கை வைத்தது போலாகும். பதிலாக, ஊசி போட்ட எல்லா மாட்டையும் 60 முதல் 90 நாளுக்குள் சினை பார்த்து, முதல் ஊசியில் சினை நின்றவை எத்தனை என்று மாதாமாதம் அவர் கையாலேயே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெப்பமானியும் ஃபிளாஸ்க்கும் நீங்கள் வாங்கி வையுங்கள். எண்ணிக்கை ஏறுவதை அவரே பார்க்கட்டும்.

தலைமை நிஜமாகத் தெரிகிற நாள் கோமாரித் தடுப்பூசி நாள். தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து 4 மாதம் கடந்த கன்று முதல் எல்லா மாட்டுக்கும் எருமைக்கும் வருஷத்துக்கு இரண்டு சுற்று. டெல்டாவில் மாடு மேய்ச்சலுக்குப் போகும் முன்னால், பால் கறக்கும் நேரத்தில் தெருவில் இருக்க வேண்டும். எட்டு மணிக்குப் போனால் பாதிக் கட்டுத்தறி காலியாக இருக்கும். முதல் நாள் மாலை பால் சங்கத்தில் பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்வது தண்டோராவைவிட நன்றாக வேலை செய்யும்.

குழுவில் நான்கு வேலை: ஒருவர் ஒரு தெரு முன்னால் போய் மாட்டைக் கட்டச் சொல்பவர், ஒருவர் ஊசி, ஒருவர் காதுவில்லையும் பதிவும், ஒருவர் குளிர்பெட்டி. ஆள் குறைவென்றால் குளிர்பெட்டியையும் பதிவையும் சேர்க்கலாம், ஊசியையும் பதிவையும் ஒருவரிடம் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பதிவு மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதப்படும். காதுவில்லையின் 12 இலக்க எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் அது வேறு மாடு. எண்ணை ஒருவர் சத்தமாகப் படிக்க, எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஆகாமல் எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள், உறைவதைத்தான் பார்ப்பதில்லை. எண்ணெய் கலந்த மருந்து உறைந்தால் பிரிந்துபோகும், அப்புறம் குலுக்கினாலும் ஒன்றுசேராது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே குப்பிமேல் அடுக்கக் கூடாது. மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்திருந்து, நடுவே செய்தித்தாள் கொடுத்து அடுக்க வேண்டும். 2 மி.லி. அளவென்றால் 100 மி.லி. குப்பி 50 மாட்டுக்கு வரும். தெருவில் 30 மாடுதான் என்றால் அடுத்த தெருவுக்கு நடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும்.

ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டியது: இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சம் குறையலாம், ஊசி போட்ட இடத்தில் கட்டி தெரியலாம். முன்னால் சொன்னால் தகவல், பின்னால் சொன்னால் சாக்கு. நிறைசினை மாட்டை இழுத்துக் கட்டுவதே ஆபத்து. தனிப் பட்டியலில் எழுதி, கன்று போட்டபின் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வாமை வந்து மாடு தள்ளாடினால் என்ன என்பதையும் கிளம்பும் முன்பே தீர்மானியுங்கள். அட்ரினலின் யார் பையில் இருக்கிறது, 1 மி.லி. ஆம்பூல் ஒன்று பெரிய மாட்டுக்குப் போதாது என்பதால் எத்தனை எடுத்துப் போவது, டெக்சாமெத்தசோன் நிறைசினையில் கன்றை முன்கூட்டியே தள்ளிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியுமா?

முகாமை எந்த இடத்தில் போடுகிறீர்கள் என்பதும் சும்மா விஷயமல்ல. பெரிய தெருக் கோயில் வாசலில் போட்டால் காலனிக்காரர்கள் மாட்டைப் பிடித்து வரத் தயங்குவார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. முதல் சுற்றைக் காலனியிலிருந்து தொடங்குங்கள், அல்லது எல்லாருக்கும் பொதுவான களத்துமேட்டில் போடுங்கள். இந்த முடிவை ஆய்வாளர் எடுத்தால் ஊரில் அவருக்கு நெருக்கடி வரும். உங்கள் பெயரில் எடுங்கள்.

இலக்கு எட்டாவிட்டால் போட்ட எண்ணிக்கையை மட்டும் மேலே அனுப்புங்கள். போடாத மாட்டுக்குக் கணக்கு எழுதச் சொல்லும் மருத்துவர், அதற்கப்புறம் எந்தப் பதிவேட்டையும் நம்பிக் கேள்வி கேட்க முடியாது. அந்தத் தெருவில் கோமாரி வாய்ப்புண் வரும்போது "ஊசி போட்டும் வந்துடுச்சு" என்ற பேச்சு அடுத்த மூன்று சுற்றையும் கெடுக்கும்.

ராத்திரியில் கன்று போட முடியாத மாட்டுக்கு வருவோம். கொட்டகையில் பதினைந்து பேர் நிற்பார்கள், ஆளுக்கொரு யோசனை, நீங்கள் வரும் முன்பே நாலு பேர் காலைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இங்கே குரல் உயர்த்துவதைவிட வேலை கொடுப்பது பலிக்கும். அதிகம் சத்தம் போடுகிறவரை மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு டார்ச், இன்னொருவருக்கு இரண்டு வாளி வெந்நீரும் சோப்பும். மிச்சப் பேரை உதவியாளர் வெளியே அனுப்புவார். உடையவரிடம் கேள்வி கேட்பது ஒருவர் மட்டும்: தண்ணீர்க்குடம் எப்போது உடைந்தது, முதல் ஈற்றா, யார் கை விட்டார்கள், என்ன ஊசி போட்டார்கள்?

கையை விட்டுப் பார்த்தபின், கண்டதைக் குழுவுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்: "முன்னங்கால் ரெண்டும் இருக்கு, தலை இடது பக்கம் மடங்கியிருக்கு." மாடு முக்குவது அதிகமென்றால் வால் மூட்டில் மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகெய்ன் சுமார் 5 மி.லி. அதையும் நீங்கள் சொல்ல, எடுப்பவர் மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சிரிஞ்சைக் கொடுக்க வேண்டும். அரைகுறை வெளிச்சத்தில் ஒன்றுபோல் இருக்கும் குப்பிகளில் மருந்து மாறிப்போவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது. தலையைத் திருப்பி, வழவழப்புக்குத் திரவ பாரஃபின் விட்டபின், இழுப்பது இரண்டு மூன்று ஆள் பலத்துக்கு மேல் போகக் கூடாது. மாடு முக்கும்போது மட்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால், தோள் தாண்டியதும் கீழ்நோக்கி. "இழு" என்பதும் "விடு" என்பதும் ஒரே வாயிலிருந்து வர வேண்டும்.

இந்த இடத்தில் உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது, கடிகாரம். ஆய்வாளரிடம் "20 நிமிஷம் ஆனா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். 20, 30 நிமிஷத்தில் நகரவில்லை என்றால் அறுவையா, ஒரத்தநாடு கல்லூரி மருத்துவமனைக்கு ஏற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது "இன்னும் கொஞ்சம் முயன்றால் வந்துடும்" என்றுதான் தோன்றும். மணிக்கணக்காகக் குடைந்து, கருப்பை கிழிந்து, மாடு தளர்ந்தபின் அனுப்பினால் வண்டி வாடகைதான் மிச்சம். அதனால்தான் நேரத்தைச் சொல்லும் உரிமையை இன்னொருவரிடம் கொடுப்பது. அவர் சொன்னதும் எரிச்சல் காட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

கால்சியம் ஏற்றும்போதும் அப்படித்தான். 450 மி.லி. குப்பியை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக, 15 நிமிஷத்துக்குக் குறையாமல் ஏற்றும்போது ஒருவர் ஸ்டெத்தை நெஞ்சை விட்டு எடுக்கக் கூடாது. துடிப்பு தடுமாறினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஸ்டெத் வைத்திருப்பவருக்கு, அவர் யாராக இருந்தாலும்.

மாடு செத்துவிட்டால் பேசுவது நீங்கள். ஆய்வாளரை முன்னால் தள்ளிவிட்டுப் பதிவேடு எழுதப் போகாதீர்கள், ஒரு தடவை அப்படிச் செய்தால் குழு மறக்காது. என்ன பார்த்தோம், என்ன செய்தோம், பிரேதப் பரிசோதனை செய்யாமல் எதைச் சொல்ல முடியாது, இந்த மூன்று மட்டும். முன்னால் வைத்தியம் பார்த்தவரைக் குறை சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ் இருந்தால் காதுவில்லையைக் கழற்றும் முன் அதோடு படம் எடுக்கச் சொல்லுங்கள், அந்த அதிர்ச்சியில் உடையவருக்கு அது தோன்றாது.

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றே வைத்துக்கொண்டு, உடலை அறுக்கவே கூடாது. காது நரம்பிலிருந்து கையுறையோடு ரத்தப் பூச்சு எடுத்து, கால்நடைத் துறை உதவி இயக்குநருக்கு உடனே போன், உடலைச் சுண்ணாம்பு போட்டு ஆறடி ஆழத்தில் புதைப்பது. எழுத எளிது. டெல்டாவில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது இரண்டடி தோண்டினால் குழியில் ஊற்று வந்துவிடும், வாய்க்கால் கரைதான் மேடு, அங்கே புதைக்கவும் கூடாது. ஆகவே செப்டம்பரிலேயே கிராம நிர்வாக அலுவலரோடும் ஊராட்சித் தலைவரோடும் நடந்து போய், ஊருக்கொரு மேட்டு நிலத்தைக் குறித்து வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, மாட்டையும் ஆட்டையும் கோழியையும் எங்கே புதைப்பது என்பதே ஊர் ஊராகப் பெரும் கேள்வியாக நின்றது. அதே நடையில், மழைக்கு முன் தொண்டை அடைப்பான், சப்பை நோய் தடுப்பூசி எந்த ஊரில் பாக்கி, எந்தப் பாலம் முழுகினால் எந்த ஊர் துண்டிக்கப்படும், அங்கே யார் வீட்டில் முதலுதவி மருந்து வைக்கலாம், விந்துக் குச்சிகளை உறைநிலையில் வைக்கும் திரவ நைட்ரஜன் எத்தனை நாளுக்கு வரும் என்பதையும் பாருங்கள். நைட்ரஜன் கலனுக்குள் அளவுகோலை விட்டு எடுத்துப் பனி படிந்த உயரத்தை வாரம் ஒரு முறை அளந்து எழுதும் வேலையை உதவியாளரிடம் கொடுங்கள். அளவு குறைந்தால் நேரே உங்களிடம் வந்து சொல்லட்டும்.

பாதுகாப்பில் சலுகை கூடாது. "தொண்டையில என்னமோ அடைச்சிருக்கு, தண்ணி குடிக்க முடியல" என்று வரும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடுவது இங்கே தினசரி நடப்பது. வெறிநோய் கண்ட மாடு அப்படித்தான் வரும். ஆய்வாளர், உதவியாளர், துப்புரவு செய்பவர் எல்லாரும் 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். தேதி எழுதிய அட்டை உங்கள் மேஜைக் கண்ணாடிக்கடியில் இருக்கட்டும். கிடேரிக் கன்றுக்கு, 4 முதல் 8 மாதத்துக்குள், போடும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி உயிருள்ள கிருமி கொண்டது. தவறி விரலில் குத்தினால் மனிதருக்கும் நோய் வரும். கையுறையும் கண்ணாடியும் மருத்துவருக்கு மட்டும் இருந்து, நஞ்சுக்கொடி எடுக்கும் உதவியாளருக்கு இல்லை என்றால் மற்றது எதைச் சொன்னாலும் எடுபடாது.

அறுப்பு முடிந்து, மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை வயலில் கிடை போட (உரத்துக்காக ராத்திரி மந்தையை வயலில் அடைக்க) ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் வரும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிக்கு மந்தையை நடத்தி வரும் கீதாரியிடம் முந்தின மாலையே பேசி வையுங்கள். எந்த வயலில் எந்த ராத்திரி கிடை என்று அவர்தான் சொல்ல முடியும், காலையில் கிடை கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது. கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் எத்தனை ஆடு என்ற கணக்கும் அவரிடமிருந்தே வர வேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் நாய் பூனை பார்க்கும் தனியார் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கூடுதலாக ஒன்று: அறுவையில் வயிற்றைத் தைக்கும் முன் பஞ்சுத் துணிகளை எண்ணுவது உதவியாளர் பொறுப்பு, எண்ணிக்கை சரியாகாமல் தைக்க மாட்டேன் என்பது உங்கள் பொறுப்பு.

மேலே எழுதியவற்றில் எதை முதலில் எடுப்பது என்றால், பிப்ரவரியில் வரும் கோழி வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களில் ஒன்றை முழுக்க ஆய்வாளர் பொறுப்பில் விடுங்கள். ஊர், நேரம், ஆள் பிரிப்பது எல்லாம் அவர். நீங்கள் அன்று குளிர்பெட்டி தூக்குங்கள், அவர் சொல்கிற இடத்தில் நில்லுங்கள். தலையிட வேண்டியது இரண்டு இடத்தில் மட்டும்: கரைத்த மருந்து இரண்டு மணி நேரம் தாண்டினால், 8 வாரம் ஆகாத குஞ்சுக்கு அந்த ஊசியை யாராவது எடுத்தால். மற்றதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, முகாம் முடிந்து டீக்கடையில் உட்காரும்போது, அடுத்த முகாமுக்கு எதை மாற்றலாம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.